அரசன் இல்லாத கல்

அசீரிய மன்னன் அசூர்பனிபால் தோட்டத்தில் சாய்ந்தபடி மது அருந்துகிறான், எதிரே அரசி. பக்கத்து மரத்தில் தொங்குவது, போரில் தோற்ற ஏலம் நாட்டு மன்னன் தெயும்மானின் தலை. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நினிவே அரண்மனைக்காகச் செதுக்கிய இந்தப் புடைப்புச் சிற்பம் இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெற்றியைக் கல்லில் பேசவைப்பது நம்மவர்க்கும் தெரியும். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர்களின் முடிசூட்டலும் போர்களும் வரிசையாக உள்ளன. நம் மாவட்டத்துத் திருக்கோவலூரில், கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில், கல்வெட்டிலுள்ள பட்டப்பெயரே அந்த வேலையைச் செய்கிறது: ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன். கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழரை முறித்த இராட்டிரகூட மன்னன்தான் இவன். பின்னாளில் சோழன் ராஜராஜனின் கல்வெட்டும் அதே கோயிலில் ஏறியது. அவன் தாய் வானவன்மாதேவி இவ்வூரை ஆண்ட மலையமான் வீட்டுப் பெண்; தாய்மாமன் ஊரில் விட்டுக்கொடுப்பானா?

கல்வராயன் மலையடிவாரத்து நடுகற்கள் வேறு வகை. ஒரு கையில் வில், மறு கையில் வாள், பக்கவாட்டில் சரிந்த கொண்டை, பாயத் தூக்கிய கால். உடம்பில் தைத்த அம்பையும் சிற்பி மறைப்பதில்லை. எழுத்துள்ள கற்களில் அரசன் பெயர் ஆட்சியாண்டு சொல்ல வருவதோடு சரி. மீதி, ஆநிரை மீட்கப்போய் மாண்டவனைப் பற்றியது. வடக்கே செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் பல்லவன் மகேந்திரவர்மன் பெயராக மட்டுமே இருக்கிறான். உருவத்தோடு நிற்பது ஒரு வீரனும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவன் நாயும்.

இதைச் சமத்துவம் என்று கொண்டாடவும் வேண்டாம். பெரும்பாலும் செத்தவன் எளியவன், மாடு தலைவனுடையது. அவன் குடும்பத்துக்கு விட்ட உதிரப்பட்டி நிலம், அடுத்த சண்டைக்கு ஆள் சேர்க்கவும் உதவியிருக்கும். இருந்தாலும் பெயர் மிஞ்சியது. 1976 வரை கல்வராயன் மலையை ஆண்ட மூன்று ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்த மலையாளிப் பழங்குடிகளுக்கு அதுகூட வாய்க்கவில்லை. அரண்மனைச் சிற்பங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த எளியவர்களின் பெயர்களை நாம்தான் எழுதியாக வேண்டும்.

வேடியப்பன் என்று கும்பிடும் கல்லோ, ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லோ, உங்கள் ஊரில் உருவம் செதுக்கிய கல் இருந்தால் பெயர்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். பக்கவெளிச்சம் விழும் காலை நேரத்தில் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மலை மேலுள்ள வாசகர்கள் வெட்டிக் காலத்தைக் கண்ட பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கே முதலிடம்.