கைக்கு வராத வீட்டை விற்கலாமா?



சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு அருகே உள்ளது எளாவூர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வளர வளர, அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் மனையும் வீடும் வாங்கி விற்பதில் இளைஞர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பே. கைப்பணம் குறைந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 இலட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தம் எழுதிக் கொள்வது. தவணைக்குள் 23 இலட்சத்துக்கு வேறொருவரைப் பிடித்து, உரிமையாளரைக் கொண்டே அவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் செய்வது. இடையிலுள்ள 3 இலட்சத்தை எடுத்துக் கொள்வது. இதுவே அவ்வழி. ஆள் கிடைத்தால் இலாபம். கிடைக்காவிட்டால்? முன்பணம் போகும். அதுவும் வட்டிக்கு வாங்கியதாயின், வீட்டுப் பெண்களின் நகையும் சேர்ந்து போகும்.

வணிகத்தை இஸ்லாம் தடுக்கவில்லை; வட்டியையே தடுத்தது. குறைந்த விலைக்கு வாங்கிக் கூடிய விலைக்கு விற்பதும் குற்றமன்று. ஆனால் விற்பவனுக்குப் பொருள் சொந்தமாயிருக்க வேண்டும். தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருவோருக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வினவியபோது, உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

நிலம் அழியக்கூடிய பொருளன்று. ஆகவே வாங்கிய நிலத்தைக் கைவசப்படுத்தும் முன்பே விற்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அதனையும் ஏற்கவில்லை. ஆயினும் இக்கருத்து வேறுபாடு வாங்கி முடித்த நிலத்தைப் பற்றியது. முன்பண ஒப்பந்தமோ விற்பனையே அன்று. பின்னர் விற்பதாகக் கொடுத்த வாக்கு மட்டுமே.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியே நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் தீர்ப்பளித்தது.

அப்படியானால் ஏழை இளைஞனுக்கு வழியே இல்லையா? உண்டு. உரிமையாளருக்காக ஆள் தேடித் தந்து, முன்கூட்டியே பேசிய தரகுக் கூலியைப் பெறட்டும். சட்டம் கோரும் இடத்தில் முகவராகப் பதிவும் செய்து கொள்ளட்டும். அல்லது முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என முளாரபா முறையில் கூட்டுச் சேரட்டும். இலாபத்தைப் பேசிய விகிதப்படி பகிரலாம். உழைத்தவரின் தவறின்றி நட்டம் வந்தால் அது முதலைச் சாரும். வீட்டை முறைப்படி வாங்கி, பழுது பார்த்து, விற்று வரும் இலாபம் ஹலாலானதே.

வீடு விற்போருக்கும் ஒரு சொல். தவணை தவறியவரின் முன்பணத்தை விழுங்குவதைச் சட்ட மேதைகளில் பெரும்பாலோர் அனுமதிக்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அனுமதி இருப்பினும், கடனில் மூழ்கியவனுக்குத் திருப்பிக் கொடுப்பது பெருந்தன்மையன்றோ!

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்ற நபிமொழியை அறிவித்தவரும் அதே ஹகீம் (ரலி) அவர்களே. வில்லங்கத்தை மறைத்து விற்ற வீட்டில் வாங்கியவர் நிம்மதியாக உறங்க முடியுமா? விற்றவர்தான் உறங்க முடியுமா? சிந்திப்போமாக!