ஜன்னல் எங்கே போச்சு?

1985 நவம்பரில் வெளியான முதல் விண்டோஸில் ஒரு விநோதம். ஒரு ஜன்னல் மேல் இன்னொன்றை வைக்க முடியாது! தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். புதிதாக ஒன்றைத் திறந்தால், ஏற்கெனவே இருப்பது ஒடுங்கி இடம் விட வேண்டும்.

1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வழி பிறந்தது. ஆனால், தலைவலி தீரவில்லை. 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-வில் ஒரு புரோகிராமை மினிமைஸ் செய்தால், குட்டி ஐகானாகித் திரையின் அடியில் போய் உட்காரும். பெரிய ஜன்னல் ஏதாவது திறந்திருந்தால் அதற்குப் பின்னால் மறைந்தும்விடும்.

‘மூடிட்டோம் போல’ என்று நினைத்து, புதியவர்கள் அதே புரோகிராமை மறுபடி மறுபடி திறந்தார்கள். மெமரி நிறைந்து கம்ப்யூட்டர் திணறியது. பழி என்னவோ, ‘எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரலை’ என்று தங்கள் மேலேயே!

மைக்ரோசாஃப்ட் புதியவர்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தது. தவறு டிசைனில் என்று புரிந்தது. 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தது, டாஸ்க்பாருடன். திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் கண்ணெதிரே ஒரு பட்டன்.

‘போன்ல பார்த்துட்டிருந்தது காணாமப் போயிடுச்சு’ என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். பல வருடம் உலகமே அப்படித்தான் தேடியது.