விசா வந்தாச்சு, விவரம் கேட்டாச்சா?

எங்கள் நாரணாபுரத்தில் ஒரு வீட்டில் "விசா வந்துடுச்சு" என்று சொன்னால் போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். அதில் தப்பில்லை, சகோதரிகளே. பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பிப் பிழைக்கிற வட்டாரம் இது. மழை பிடித்தால் மருந்து காயாது, வேலையும் இருக்காது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கூடாது என்றபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தனவே! "நாலு வருஷம் சவூதிக்குப் போய்ட்டு வந்தா கடனை அடைச்சுடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், மறுத்துப் பேச நமக்கு வாய் வருமா?

ஆனால் விசா என்பது நம் கஷ்டத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை போக மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துக் கொடுப்பது. சவூதியில் 2011-ல் 'நிதாகத்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். கம்பெனிகளுக்கு நிறம் கொடுத்தார்கள். சொந்த நாட்டார் போதுமான பேர் வேலையில் இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. சிவப்புக் கம்பெனியில் இருக்கும் வெளிநாட்டாருக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அவர் எத்தனை நல்ல உழைப்பாளி என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2013-ல் கெடுபிடி அதிகமாகி, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். 2017 ஜூலையிலிருந்து, கூட இருக்கும் மனைவி மக்களுக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டார்கள். அது வருஷா வருஷம் ஏறி 2020-ல் 400 ஆயிற்று. எத்தனையோ பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர்களைத் திட்டி என்ன பயன்? அங்கேயும் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற தாய் உண்டு. நம்மூர் அச்சாபீஸில் வெளியூர் ஆளைச் சேர்த்தால் நாம் முணுமுணுப்பதில்லையா!

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள்.

"மதினி, ஏஜெண்டு ஒண்ணரை லட்சம் கேக்கிறாரு. ஃப்ரீ விசாவாம், போன இடத்துல எங்க வேணும்னாலும் வேலை பாக்கலாமாம். என் சங்கிலியை அடகு வைக்கச் சொல்றாக."

பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பால் கொடுக்கிறவள் இப்படிப் பட்டினி கிடக்கலாமா என்று அதட்டி, முதலில் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன்.

ஃப்ரீ என்பது பெயரில் மட்டும்தான். அங்கே ஒருவர் தன் பெயரில் விசா எடுத்து விற்றுவிடுவார். போகிறவர் வேலை தேடி வேறு யாரிடமோ சேர்வார். அது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். 2013 சோதனையில் இப்படிப் போனவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

"சங்கிலி கழுத்துலயே இருக்கட்டும் தாயீ, ஒப்பந்தக் காகிதம் எங்கேன்னு கேளு" என்றேன். கம்பெனி பெயர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை வருஷம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் உண்டா என்று 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம். உரிமம் உள்ளவரும் கூலியாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒண்ணரை லட்சம் எந்தக் கணக்கு? "சுற்றுலா விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அப்போது எடுக்கிற காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் கிடைக்கும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் பெட்டியில் வையுங்கள். பணம் வருகிற வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கட்டும். மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.