காசு கொடுத்தோம், சரக்கு வந்து சேர்ந்ததா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வாங்குகிறவர் யாரும் எடை போடாமல் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. வண்டி வாசலில் வந்து நின்றதும் சாக்கைக் குத்தி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பார்கள், தராசில் ஏற்றுவார்கள், மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த ஊரில் பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து ஒரு விளையாட்டு வாங்கும்போது, சரக்கு முழுசாக வந்ததா என்று பார்க்கத் தராசு கிடையாது. குறை சொன்னால், "நீங்கள் கொண்டுவந்த வண்டி சரியில்லை" என்று கடைக்காரர் கையை விரித்துவிடுகிறார். இது நியாயமா?

"விளையாட்டுச் சமாச்சாரத்துக்கு ஒரு கட்டுரையா?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என் தங்கை மகன் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஒரு விளையாட்டு வாங்கினான். எந்தக் கடை என்பது இங்கு வேண்டாம். மொத்தம் 40 ஜி.பி.; பத்துத் துண்டுகளாகக் கொடுத்திருந்தார்கள். டவுன்லோடு மேனேஜர் ஒன்றைப் போட்டு இறக்கத் தொடங்கினான். முதல் நாள் இரவு மழை, மின்சாரம் போயிற்று. மறுநாள் இரவு பத்துத் துண்டும் வந்துவிட்டதாகப் பச்சை அடையாளம் காட்டியது. நிறுவப் போனால் ஏழாவது துண்டில் கோளாறு என்று நின்றது. மூன்றாம் நாள் மறுபடி முதலிலிருந்து. கடைக்கு எழுதினான். "டவுன்லோடு மேனேஜரை நிறுத்திவிட்டு முயலவும். பிறர் மென்பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. "காசு போனாக்கூடப் பரவாயில்லை மாமா, மூணு ராத்திரி போச்சே!" என்றான்.

பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த ஏழாவது துண்டைப் பார்த்தோம். 4 ஜி.பி. இருக்க வேண்டிய ஃபைல் 40 கே.பி.கூட இல்லை! திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது விளையாட்டே அல்ல. "தயவுசெய்து உள்நுழையவும்" என்ற கடையின் வாசல் பக்கம். மேனேஜர் அதை வாங்கி, ஏழாம் துண்டின் பெயரைச் சூட்டி, வேலை முடிந்தது என்று பச்சை அடையாளமும் போட்டுவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாதியில் நின்றதை நின்ற இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடு புதிதல்ல. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையிலேயே உண்டு. "இத்தனாவது பைட்டிலிருந்து கொடு" என்று மேனேஜர் கேட்கும். கொடுக்கத் தெரிந்த சர்வர் 206 என்ற எண்ணைச் சொல்லி மீதியை அனுப்பும். தெரியாத சர்வர், அல்லது அனுமதிக்காத சர்வர், 200 என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கும். கெட்ரைட், ஃப்ளாஷ்கெட் என்று அந்தக் காலத்தில் வந்த மேனேஜர்கள் எல்லாம் இந்த ஒரு வசதியை நம்பிப் பிழைத்தவைதான். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். தொடங்கிய இண்டர்நெட் பின்னாளில் டெலிபோன் வழியாக எட்டிப்பிடித்த வேகத்தை நினைத்துப் பாருங்கள். நொடிக்கு 33.6 கிலோபிட் வேகத்தில் இந்த 40 ஜி.பி.யை இறக்கினால், நடுவில் ஒரு நொடியும் லைன் அறுபடாமல் இருந்தாலும், 110 நாள் ஆகும்! இன்று 50 மெகாபிட் இணைப்பில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 10 மெகாபிட்டானால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மணி நேரம் என்றால் நம் மழைக்காலத்தில் மின்சாரம் ஒரு தரமாவது கண் சிமிட்டாமல் இருக்குமா?

ஆகவே மேனேஜர் வைத்துக்கொள்வது குற்றமல்ல. ஆனால் அதற்கு ஒரு பேராசை உண்டு. ஒரே ஃபைலுக்கு எட்டு, பதினாறு என்று இணைப்புகளைத் திறந்து நாலா பக்கமும் இழுக்கும். ரேஷன் கடையில் ஒரே வீட்டார் பதினாறு பேர் வரிசையில் நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? சர்வரும் அதையே செய்கிறது. சிலவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இன்னொன்று, காசு கொடுத்து வாங்கியதற்கான லிங்க் பெரும்பாலும் சில மணி நேரந்தான் உயிரோடிருக்கும். பிறர் அதை எடுத்துப் பயன்படுத்தாமலிருக்க அப்படிச் செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பத்துத் துண்டையும் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கினால், ஏழாவது துண்டின் முறை வரும்போது லிங்க் காலாவதி. சர்வர் வாசல் பக்கத்தைக் காட்டுகிறது. மனிதனாயிருந்தால் "இது வேறேதோ" என்று சொல்லியிருப்பான்.

எனவே கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அன்றிரவு மேனேஜரில் இணைப்பை ஒன்றாகக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரு துண்டு என்று வைத்து, ஏழாவது துண்டுக்கு மட்டும் கடைப் பக்கத்திலிருந்து புது லிங்க் எடுத்துக் கொடுத்தோம். முடிந்தது. மற்ற ஒன்பதை மூன்றாம் நாள் மறுபடி இறக்கியதே வீண்வேலை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. முதலில் ஒவ்வொரு துண்டின் அளவையும் பாருங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டுகளுக்கு ஒரு பங்கு, நிறுவிய விளையாட்டுக்கு இன்னொரு பங்கு என்று ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொல்லாத மறு பாதிக்கு வருகிறேன். எம்.டி.5 என்றும் எஸ்.எச்.ஏ.-256 என்றும் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய ஃபைலானாலும் அதற்கு ஒரு சிறு எழுத்துக்கோவையைக் கொடுக்கும். உள்ளே ஒரு பைட் மாறினாலும் அந்தக் கோவை வேறாகிவிடும். இதுதான் தராசு. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் கோப்புகளுக்கெல்லாம் பக்கத்திலேயே இந்தக் கோவையை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். காசு வாங்காதவர் எடை போட்டுக் கொடுக்கிறார். காசு வாங்கியவர் துண்டின் அளவைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை! அந்தக் கோவை மட்டும் இருந்திருந்தால் ஏழாவது துண்டை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். இதைக் கொடுக்கக் கடைக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆகவே பொருளை முழுசாகக் கொண்டுசேர்ப்பது விற்றவர் கடமை, வாங்கியவர் சாமர்த்தியமல்ல என்பதே என் கட்சி.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கந்தான் நிற்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும்; இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் பொருந்தும். குறைதீர்க்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்காகப் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ ஓட வேண்டியதில்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு யார் இதெல்லாம் செய்வது என்று நம்மவர்கள் வெட்கப்பட்டே விட்டுவிடுகிறோம். அந்த வெட்கம் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் இறக்கி வைப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வாங்கியது நம்முடையதா என்ற கேள்வியே இதில்தான் தொங்குகிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. காசு கொடுத்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: வெறும் உரிமத்தை விற்பவர் "வாங்குங்கள்" என்று சும்மா போடக் கூடாது, இது உரிமந்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி, இணைப்பில்லாமலே வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதாவது முழுசாக இறங்கி நம் வட்டில் உட்கார்ந்த பத்துத் துண்டுக்குத்தான் "என்னுடையது" என்று சொல்லும் யோக்கியதை ஓரளவு உண்டு.

முகம் சுளித்த பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலை 31இல் 'வெண்பா' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. கனடாவில் டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980களில் அங்கு குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். மகனோ தமிழ் பேசக் கூச்சப்படுகிறான். 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. சங்கத்துக் கூட்டங்களில் நாம் மைக் பிடித்துப் புலம்புவதை அது ஓசையில்லாமல் செய்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாமே காசு கொடுத்து வாங்கித் தரலாம். அது பாதியில் நின்றால் எனக்கும்தான் வருத்தம்.

என் மருமகன் அந்தக் கடைக்கு மீண்டும் எழுதியிருக்கிறான், இந்த முறை 2020 விதிகளைச் சுட்டி. பதினேழு மணி நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் கோவையை வெளியிடுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. மாதம் முடியப் பதினோரு நாள் இருக்கிறது. அதுவரை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து யாருடைய கம்ப்யூட்டரானாலும் பார்த்துத் தருவதாகச் சொல்கிறான். சார்ஜரை மறக்காமல் கொண்டுவாருங்கள்.