"உங்கட ஆக்கள் இப்ப எத்தனை குடும்பம்?"



நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள். உடன்பாடில்லை என்றால் கீழே எழுதுங்கள், மரியாதையாகப் பேசுவோம்.

ஒரு வடிகால் விசயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர் கேட்ட முதல் கேள்வி: "உங்கட ஆக்கள் இப்ப அங்க எத்தனை குடும்பம் சேர்?" கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது. ஆட்கள் குறைவு, ஆகவே வேலையும் பிறகு பார்க்கலாம்.

அந்தத் தொகை ஏன் குறைந்தது? அதைப் பேசாமல் தொகையை மட்டும் பேசுவது நியாயமா?

தென்மராட்சியை எடுங்கள். நாவற்குழிப் பாலம் தாண்டினால் கண்டி வீதி நெடுக தென்னையும் மாவும் பலாவும். நடுவில் சாவகச்சேரி. சந்தையும் ரயில் நிலையமும் நகர சபையும் உள்ள சின்னப் பட்டினம். சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தனியாகப் பிரதேச சபை. அந்தப் பட்டினத்தில் எங்கள் ஆட்கள் பள்ளிவாசல் கட்டி, கடை வைத்து வாழ்ந்தார்கள். 1990 ஒக்டோபர் 15ஆம் திகதி புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். வடக்கில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் சாவகச்சேரி முஸ்லிம்கள்தான். 30ஆம் திகதி யாழ் நகரம். சோனகதெரு மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமாக 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1981 கணக்கெடுப்பில் யாழ் மாவட்ட முஸ்லிம்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். அடுத்த முழுமையான கணக்கெடுப்பு இங்கே நடந்தது 2012இல். அப்போது சுமார் 2 ஆயிரம். இடையில் 31 வருடம். அகதி முகாமில் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்த ஒரு தலைமுறையே இந்த மாவட்டத்தின் கணக்கில் வரவில்லை. இது நாங்களாகக் குறைந்த குறைவு அல்ல, குறைக்கப்பட்ட குறைவு. அதையே காரணம் காட்டி வீதியையும் வீட்டுத்திட்டத்தையும் தள்ளிப்போட்டால், 1990இல் செய்தது சரி என்று கையெழுத்து வைப்பதாகத்தான் ஆகும்.

தமிழ் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன், பகையில்லாமல். யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 பாராளுமன்ற ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. ஒவ்வொரு முறை குறைந்தபோதும் நீங்கள் சொன்னது என்ன? "யுத்தம் துரத்தியதால் எங்கள் சனம் வெளிநாடு போனது, அதற்கு எங்களையே தண்டிப்பதா?" முற்றிலும் நியாயமான கேள்வி. நாங்கள் கேட்பதும் அதே கேள்விதான். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே சிதைந்து சனம் இடம்பெயர்ந்தது. எத்தனை பேர் திரும்பி வருகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் ரோட்டுப் போடுவோம் என்றிருந்தால் அந்த ஊர் எழும்பியிருக்குமா?

இனி நமக்கு. இது கசக்கும்.

நம்மில் பலருக்கு வீடு இங்கே, வாக்குப் புத்தளத்தில். ஏன் என்று எனக்குத் தெரியும், நான் வாத்தியார். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பைக் காட்ட வேண்டும். பிள்ளை புத்தளத்தில் படித்தால் பதிவும் அங்கேதான். 1990இல் ஒரு வளவில் ஒரு குடும்பம், இன்று அதே வளவுக்கு நாலு குடும்பம் உரிமையாளர். வந்தால் எங்கே படுப்பது? 2013இல் வந்த விசேட சட்டம் இடம்பெயர்ந்தோர் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழி தந்தது. அது தற்காலிகச் சட்டம். எத்தனை பேர் பயன்படுத்தினோம்?

புத்தளத்திலேயே நிரந்தரமாக இருக்க முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் இங்கே குடியிருந்துகொண்டு, கிராம அலுவலர் படிவம் தரும்போது "பிறகு பார்ப்பம்" என்று சொல்பவர்கள், பிறகு "எங்களைக் கணக்கெடுக்கிறாங்க இல்ல" என்று முகநூலில் எழுதக் கூடாது.

சபைத் தேர்தல் முறையையும் விளங்கிக்கொள்ளுங்கள். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரப் பட்டியல். சிதறி வாழும் நாம் வட்டாரத்தில் வெல்வது கடினம். பட்டியலில் யாரை எடுப்பது என்று முடிவெடுப்பது கட்சி. இடாப்பில் நம் பெயர் இல்லாவிட்டால் எந்தக் கட்சிக்கு நம் நினைவு வரும்?

ஆகவே சபைகளிடம் கேட்கிறேன்: வடிகால், தெருவிளக்கு, மையவாடிப் பாதை இவற்றை இன்றிருக்கும் தலைகளை எண்ணி மட்டும் தீர்மானிக்காதீர்கள். திரும்பி வர உரிமையுள்ளவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். வசதி இருந்தால்தான் ஆள் வரும். ஆள் வந்தால்தான் வசதி என்றால் யாருமே வரமாட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்கிறேன்: ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மேசை போடுங்கள். வீடு வீடாக ஒரு பட்டியல் எடுப்போம். இங்கே இருப்பவர் யார், வர விரும்புபவர் யார், காணி இல்லாதவர் யார். படிவம் நிரப்ப நான் வருகிறேன்.

அடுத்த முறை "எத்தனை குடும்பம்" என்று கேட்டால், 1990இல் எத்தனை, இன்று எத்தனை, வரக் காத்திருப்பது எத்தனை என்று மூன்று தொகையையும் மேசையில் வைப்போம்.