மகள் பெயரும் பட்டியலில் வரட்டும்

வருவாய்த் துறையில் நான் இருந்த காலத்தில், வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரும் சிலர் மனுவில் ஆண் பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். "கூடப் பிறந்த பெண்கள் இல்லையா?" என்று கேட்பேன். "ரெண்டு பேர் இருக்காங்க சார், கட்டிக் கொடுத்தாச்சு" என்று பதில் வரும். கட்டிக் கொடுத்தாலும் வாரிசுதான் என்று சொல்லி, அந்தப் பெயர்களையும் எழுதி வாங்குவேன். சட்டம் பக்கத்தில் இருந்ததால் என் வேலை சுலபமாக இருந்தது.

பழங்குடிப் பெண்களுக்கு அந்தச் சட்டத் துணை இல்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவித்தாலொழிய, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2-ஆம் பிரிவே சொல்கிறது. 2005-இல் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தபோதும் இவர்கள் வெளியேதான் நின்றார்கள். மேகாலயாவின் காசி மக்களிடம் சொத்து பெண்வழியில் போகிறது. ஆனால் பல இனங்களில் வழக்கப்படி நிலம் ஆணுக்கே.

இதைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், ஒரு கோண்டு குடும்ப வழக்கில் பெண்ணின் வாரிசுகளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அக்டோபரில் வேறொரு வழக்கில், வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று சொன்னது. அப்படியானால் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டுமா?

மகளுக்குக் கொடுத்தால் நிலம் வெளியார் கைக்குப் போய்விடும் என்கிறார்கள். பழங்குடியினர் இழந்த நிலம் கொஞ்சமல்ல; பயம் நியாயமானதே. ஆனால் வெளியாருக்கு விற்பதைத் தடுக்கவே 1908-ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் போன்றவை இருக்கின்றன. மகளின் பங்கைப் பறிப்பது அதற்கு மருந்தாகாது.

தனி வழக்கம் அழிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். நம் புதுவையின் ரெனோன்சான் குடும்பங்களும் தனிச் சட்டத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் பின்பற்றும் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. தனிச் சட்டம் இருக்கட்டும்; அதில் மகளுக்கும் இடம் இருக்கட்டும்.

இதற்குப் பாராளுமன்றம்கூடக் கூட வேண்டாம், அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். அந்தந்த இனத்துப் பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டு, அதை வெளியிட வேண்டும். ஒரு தாளுக்கு எழுபது வருடம் காத்திருப்பது எந்த ஆபீசிலும் நியாயமில்லை.