வேண்டிய நேரத்தில் செல்லாத பவர்

உங்க வீட்டு பீரோவுலயும் ஒரு பவர் பத்திரம் இருக்கா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முடியாமப் போனா அதை வெச்சு சமாளிச்சுக்கலாம்னு நம்பிட்டு இருக்கீங்களா? நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

எங்க அப்பா எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிக்கிற மனுஷன். உயில் எழுதினார். நாமினி பேரெல்லாம் சரிபார்த்தார். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல காத்துக் கிடந்து, போட்டோ எடுத்து, கைரேகை வெச்சு, அக்கா பேருக்கு ஜெனரல் பவர் ரிஜிஸ்டர் பண்ணினார். "நான் படுத்துட்டா பிள்ளைங்க அலையக் கூடாது," இதுதான் அவர் கவலை. பத்திரம் எழுதினவரும் சொன்னார்: "இது ஒண்ணு போதும் சார், அவங்களே எல்லாத்தையும் பாத்துக்கலாம்."

எங்க போதும்? அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியல. ஆஸ்பத்திரி பில் ஒரு பக்கம் ஏறுது. அக்கா அந்தப் பவரை எடுத்துக்கிட்டு பேங்க்குக்குப் போனா. "அப்பா எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. உள்ளதை உள்ளபடி சொன்னா. பத்திரம் அப்படியே கைக்குத் திரும்பி வந்துடுச்சு. "சுயநினைவு இல்லைன்னா இது செல்லாது மேடம்."

என்னங்க இது? நினைவு இருக்கும்போது அவரே செக்குல கையெழுத்துப் போட்டுக்குவாரே! நினைவு போனப்புறம் உதவத்தானே பவர்?

வக்கீல்கிட்ட ஓடினோம். பேங்க் சொன்னது சட்டப்படி சரின்னுட்டார். 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. பவர் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிஞ்சுது. புத்தி சுவாதீனம் இழந்தாலும் முடிஞ்சுது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பல்லாம் நினைவிழந்து படுத்தவங்களை இப்படி வருஷக்கணக்குல காப்பாத்தி வெக்க மருத்துவம் இருந்துச்சா? இப்போ இருக்கு. சட்டம் மட்டும் அங்கேயே நிக்குது.

சரி, வேற வழி? கையெழுத்துப் போட முடியாத நோயாளிகிட்ட சாட்சி வெச்சுக் கைரேகை வாங்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஆனா எதுவுமே புரியாம படுத்திருக்கிறவரோட விரலைப் பிடிச்சு நாம அழுத்தினா, அது அவர் சம்மதமா? மனசு ஒப்பலீங்க.

அப்போ கோர்ட்தான். 1987 மனநலச் சட்டத்துலயாவது, சொத்தைப் பாத்துக்க கோர்ட் மூலமா ஒரு மேனேஜரை நியமிக்க வழி இருந்தது. 2017-ல புதுச் சட்டம் வந்தது, அந்த அத்தியாயமே காணாமப் போச்சு. கோமாவுல இருக்கிறவங்களுக்கு கார்டியன் நியமிக்கத் தனிச் சட்டமே இல்லைங்கறதால, 2019-ல கேரள உயர் நீதிமன்றம் தானே வழிமுறை வகுத்துக் கொடுத்தது. 2024-ல சென்னை உயர் நீதிமன்றத்துலயும் ஒரு மனைவி வந்து நின்னாங்க. கணவர் கோமாவுல. செலவுக்கு அவர் சொத்தை விக்கணும். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிட்டார். மேல்முறையீட்டுல ரெண்டு நீதிபதிகள் அமர்வு அவங்களையே கார்டியனா நியமிச்சது. அந்த நீதிபதிகளுக்குக் கோடி நன்றி. ஆனா ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கிற ஒருத்தர், தன் வீட்டுக்காரருக்காக ஹைகோர்ட் வரைக்கும் போகணுமா?

எனக்கு ரொம்ப வலிக்கிறது எது தெரியுமா? "அப்பா நல்லா இருக்காங்க"ன்னு அக்கா ஒரு பொய் சொல்லியிருந்தா வேலை நடந்திருக்கும். பவர் கொடுத்தவர் செத்ததையே மறைச்சு இடத்தை வித்த கூட்டம் நம்ம ஊர்ல உண்டு. அதுக்குப் பயந்துதான் இப்போ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பவர் வாங்கினவர்கிட்ட, கொடுத்தவரோட உயிர்வாழ் சான்று கேக்கறாங்க. கேக்கட்டும், தப்பே இல்லை. ஆனா உண்மையைச் சொல்றவங்களுக்கு என்ன ஏற்பாடு? மறைக்கிறவனுக்குக் கதவு திறக்கும், நேர்மையா பேசினவளுக்கு மூடிக்கும்னா, நாம என்ன கத்துக் கொடுக்கறோம்?

இங்கிலாந்துல 1985-லயே இதுக்குச் சட்டம் போட்டாங்க. நினைவு போன பிறகும் செல்லக்கூடிய பவர் அங்க உண்டு. சிங்கப்பூர்ல 2010-லேருந்து இருக்கு. பவர் வாங்கினவங்க தப்பு பண்ணா விசாரிக்கவும் அமைப்பு இருக்கு. நமக்கு மட்டும் ஏன் கூடாது? வயசானவங்க பெருகிக்கிட்டே போற தேசம்தானே இது?

சட்டம் வர்ற வரைக்கும் பவரை மட்டும் நம்பி இருக்காதீங்க. அப்பா அம்மா தெளிவா இருக்கும்போதே, நம்பிக்கையான ஒருத்தரைச் சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' ஜாயின்ட் அக்கவுன்ட் போடுங்க. வைத்தியச் செலவுக்கான பணம் அதுல இருக்கட்டும். சிகிச்சை பத்தின விருப்பத்தைத் தனியா எழுதி, நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போடச் சொல்லுங்க. 2023-ல சுப்ரீம் கோர்ட் அதைச் சுலபமாக்கி இருக்கு. உயில் அவங்க காலத்துக்கு அப்புறம்தான் பேசும். படுக்கையில கிடக்கிற காலத்துக்கு அது உதவாது.

ஆனா இதெல்லாம் ஒட்டுப்போடுற வேலைதான். சுயபுத்தியோட ஒரு மனுஷன், "எனக்கு முடியாதப்போ என் பொண்ணு பாத்துக்கட்டும்"னு அரசாங்க ஆபீஸ்லயே எழுதிப் பதிஞ்சு கொடுத்தாரே. அந்த வார்த்தையை மதிக்க ஒரு சட்டம் கேக்கறோம். அது கொடுக்க முடியாத அளவுக்குப் பெரிய வரமா?